மண்டையோட்டுக்கு உள்ளாக

சுண்ணாம்புக்குளத்துக்குக் கிழக்கே, ஏரியை ஒட்டினாற்போல இருபது இருபத்திரண்டு வீடுகள். அதில் தண்ணீருக்கு மிகப் பக்கத்தில் இருந்த வீடு எல்லம்மாளுடையது. வயது ஐம்பத்தொன்று. அவளுக்கு வலை கிடையாது, படகு கிடையாது. கையால் தடவி இறால் பிடிப்பவள். விடிந்ததும் ஏரிக்குள் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் சேற்றின் மேல் பரப்பியபடி தவழ்ந்து போவாள். அகப்பட்டதை எடுத்துப் பறிக்குள் போடுவாள். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு வேலை இல்லை. விரலில் பட்டது இறாலா, நண்டா, முள் வைத்திருக்கும் கெளுத்தியா என்பது பட்ட நொடியிலேயே தெரிந்துவிட வேண்டும். எல்லம்மாளுக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் கெளுத்தி முள் அவளை இரண்டே இரண்டு தடவைதான் குத்தியிருக்கிறது.

வாயில் கயிறு இருப்பதால் தண்ணீருக்குள் பேச்சும் கிடையாது. பக்கத்தில் பத்தடி தள்ளிக் குப்பம்மாள் தவழ்ந்து வருவாள். இருவரும் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து ஒன்றாகவே இறங்குகிறவர்கள். மூன்று நான்கு மணி நேரம் ஒரு வார்த்தை இல்லாமல் போகும். கரையேறிய பிறகுதான் இரண்டு பேரும் பேச்சைப் பிடிபிடியென்று பிடித்துக்கொள்வார்கள்.

கார்த்திகை பிறந்து ஒரு வாரம் இருக்கும். அன்று மழை விட்டிருந்தது. ரோட்டோரம் இறாலை எடைபோட்டு வாங்குகிற கொட்டகையில் எல்லம்மாள் பறியைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். ஜெரோம் ஓட்டிவரும் குட்டியானை வண்டி பின்பக்கமாக வந்து நின்றது. அவன் மேலே ஏறிக் கயிற்றை அவிழ்த்தான். மேலடுக்கில் இருந்த பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, நிறைய ஐஸோடு, நழுவியது. "ஏய், தள்ளு தள்ளு" என்று அவன் கத்தியது எல்லம்மாள் காதில் விழுந்தது. யாரைச் சொல்கிறான் என்று திரும்பிப் பார்ப்பதற்குள், பெட்டியின் முனை இடது காதுக்கு மேலே இறங்கிவிட்டது.

ஜெரோமே அவளையும் அவள் வீட்டுக்காரர் பெரியசாமியையும் வண்டியில் ஏற்றி, நெடுஞ்சாலைப் பக்கம் இருந்த ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ஏழு தையல். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். சின்ன வயது டாக்டர் ஒருவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அச்சடித்து வந்த காகிதத்தின் அடியில் பேனாவால் இரண்டு வரி எழுதினார்.

"இப்போதைக்கு உள்ள ஒண்ணும் இல்ல. ஆனா..." என்று அவர் ஆரம்பித்தபோது வெளியே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. நெடுஞ்சாலையில் லாரி மோதி மூன்று பேரை ஏற்றி வந்திருந்தார்கள். டாக்டர் காகிதத்தைப் பக்கத்திலிருந்த பெண்ணின் கையில் திணித்துவிட்டு ஓடினார். அவள் அதை ஒரு கவரில் போட்டுப் பெரியசாமியிடம் நீட்டினாள். "எல்லாம் இதுல எழுதியிருக்குது. படிச்சிப் பாத்துக்கோங்க."

பெரியசாமிக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். அவர் மனத்தில் நின்றது 'உள்ள ஒண்ணும் இல்ல' என்பது மட்டும்தான். வீட்டுக்கு வந்து மகள் ஜமுனாவுக்குப் போன் போட்டும் அதையேதான் சொன்னார். அனுப்பம்பட்டில் வாழ்க்கைப்பட்டவள் அவள். மறுநாளே ரயில் ஏறி வந்து அம்மாவைப் பார்த்தாள். நன்றாக இருப்பதைப் பார்த்து மூன்றாம் நாள் போய்விட்டாள். கவர் கூரை வாரியில் செருகப்பட்டது.

தையல் பிரித்தார்கள். புண் ஆறியது. எல்லம்மாள் பத்தே நாளில் தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

மார்கழி தொடங்கிய பிறகுதான் அது வந்தது. முதலில் தலைவலி. காலையில் எழும்போது இருக்கும், வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். வாடைக்காற்று என்று நினைத்துக் காதை மூடித் துணி கட்டிக்கொண்டாள். பிறகு வலது கை. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. சேற்றைத் தடவுகிறது, எதிலோ படுகிறது, ஆனால் பட்டது என்ன என்று சொல்ல மாட்டேன் என்கிறது. இறால் என்று நினைத்து எடுத்தால் கிளிஞ்சல். சேறு என்று விட்டுவிட்டுப் போனால், பின்னால் வரும் குப்பம்மாள் அதே இடத்திலிருந்து விரல் நீள இறாலை எடுத்துப் பறியில் போடுவாள்.

எல்லம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தண்ணீரில் இறங்காதே என்பார்கள். கையைத் தேய்த்துவிட்டாள், எண்ணெய் போட்டாள், வெந்நீரில் முக்கினாள். வலது கை செய்ய வேண்டியதை இடது கைக்கு மாற்றினாள். பறியில் பாதிகூட நிறையவில்லை. "இன்னிக்கு மேய்ச்சல் இல்ல, இறாலே வரல" என்று சொல்லிச் சமாளித்தாள்.

ஒரு நாள் கரையேறும்போது குப்பம்மாள் அலறினாள்.

"அடியே, இன்னாடி கையி?"

எல்லம்மாள் குனிந்து பார்த்தாள். வலது கைச் சுண்டுவிரலில் ஒரு நண்டு கொடுக்கைப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. விரல் கிழிந்து ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்திருந்தது. அது எப்போது கடித்தது என்று அவளுக்குத் தெரியாது.

குப்பம்மாள் நண்டின் கொடுக்கை உடைத்து எறிந்தாள். கிழிந்த விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு எல்லம்மாளின் முகத்தைப் பார்த்தாள். "வலிக்கல?"

"இல்ல."

"எத்தினி நாளா?"

எல்லம்மாள் கையை இழுத்துக்கொண்டு பறியை எடுக்கக் குனிந்தாள்.

"தலையில அடிபட்டப்போ ஒரு பேப்பர் குடுத்தாங்களே, அது எங்க கீது?"

அன்று சாயங்காலமே இரண்டு பேரும் கவரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். முதலில் மருந்துக்கடை. காகிதத்தில் ஒரு வார்த்தை மட்டும் மிக நீளமாக இருந்தது, அதுதான் முக்கியமானதாக இருக்கும் என்று குப்பம்மாள் அதைத் தொட்டுக் காட்டினாள். கடைக்காரப் பையன் பார்த்துவிட்டு, அப்படி ஒரு மாத்திரை இல்லை என்று சொல்லிவிட்டான். பிறகு பிராங்க்ளின் சார் வீட்டுக்குப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எடுப்பவர். ஊரில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அவரிடம்தான் போகும். மனு எழுதித் தருவார், பாங்க் கடிதம் படித்துச் சொல்வார், முகம் சுளிக்க மாட்டார்.

அவர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"நோ பிளீட் சீன் இன்ட்ராகிரேனியலி."

"அந்த நீட்டு வார்த்தை இன்னா சார்? வியாதி பேரா?" என்றாள் குப்பம்மாள்.

"வியாதி பேரும் இல்ல, மருந்து பேரும் இல்லக்கா. கடைசில 'லி'ன்னு முடியுது பாருங்க. இது வினையுரிச்சொல்." அந்த வாரம் வகுப்பில் அதைத்தான் நடத்திக்கொண்டிருந்தார், முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது. "'வேகமாக ஓடினான்'னு சொன்னா, 'வேகமாக'ங்கறது ஓட்டத்தைப் பத்திச் சொல்லுது இல்லையா? அந்த மாதிரி. ஒரு காரியம் எப்படி நடந்துச்சு, எங்க நடந்துச்சுன்னு சொல்ற வார்த்தை. நம்ம தமிழ்ல 'ஆக' வருதே, அதுதான் அங்க 'லி'."

"எங்க நடந்துச்சாம்?" என்றாள் எல்லம்மாள்.

சார் போனை எடுத்துத் தேடினார். "கிரேனியம்னா மண்டையோடு. இன்ட்ரான்னா உள்ள. ஆக, 'மண்டையோட்டுக்கு உள்ளாக'." நிமிர்ந்து சிரித்தார். "நோ பிளீட்னா ரத்தக்கசிவு இல்ல. மண்டையோட்டுக்கு உள்ளாக ரத்தக்கசிவு காணப்படவில்லை. அவ்ளோதான். நிம்மதியா இருங்க எல்லம்மாக்கா."

"கீழ பேனால ஏதோ கிறுக்கிக்கிறாரே?"

சார் காகிதத்தைச் சன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். டாக்டரின் கையெழுத்து. எழுத்து எறும்பு வரிசைபோல ஓடியது. "இது புரியல... இதோ, இதே வார்த்தை இங்கயும் வருது பாருங்க. இன்ட்ராகிரேனியலி. ரெண்டாந்தடவையும் எழுதியிருக்காரு. உள்ள ஒண்ணும் இல்லைன்னு அழுத்திச் சொல்லியிருக்காரு."

குப்பம்மாள் பெருமூச்சு விட்டாள். கை விஷயத்தைச் சாரிடம் சொல்லலாமா என்று எல்லம்மாள் ஒரு கணம் யோசித்தாள். காகிதமே ஒன்றும் இல்லை என்கிறபோது சொல்லி என்ன என்று எழுந்துவிட்டாள். உள்ளே ஒன்றும் இல்லை. அப்படியானால் கை தானாகச் சரியாகிவிடும். அன்று அவள் கொஞ்சம் தைரியமாகத்தான் வீட்டுக்கு நடந்தாள்.

நாலைந்து நாள் போனது. ஒரு காலையில் பெரியசாமியிடம், "அந்த உப்பை எடு" என்றாள். அவர் உப்பு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். அவள் அதைப் பார்த்தாள். அவள் கேட்டது ஆணியில் மாட்டியிருந்த பறியை. பறி என்றுதான் சொல்ல நினைத்தாள். கண்ணெதிரே தொங்கியது, என்னவென்று தெரிந்தது, வாயில் மட்டும் அந்தச் சொல் வரவில்லை.

"உப்பு" என்றாள் மறுபடியும், கையை நீட்டி.

"இன்னா மே, காலங்காத்தால விளையாட்டு?" என்று அவர் சிரித்தார்.

எல்லம்மாள் சிரிக்கவில்லை. எழுந்து போய்த் தானே பறியை எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். தெரிந்த சொல் வரும் என்று நிச்சயமானால் மட்டும் வாயைத் திறப்பாள். ம் என்பாள், தலையை ஆட்டுவாள். ஜமுனா போன் பண்ணினால் அப்பாவிடம் கொடுத்துவிடுவாள். குடத்தைப் பார்ப்பாள், அதன் பேரை மனத்துக்குள் தேடுவாள், கிடைக்காது. சோறு கொதிக்கும்போது திடீரென்று குடம் என்று வந்து நிற்கும். தனக்குள்ளிருந்து யாரோ ஒவ்வொரு பொருளாக எடுத்து வெளியே வைப்பதுபோல இருந்தது. கோயிலுக்குத் திருநீறு வாங்கப் போனவள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினாள். தூக்கம் மட்டும் நிறைய வந்தது. பகலிலும் வந்தது.

தண்ணீருக்குள் எப்போதும் பேச்சு இல்லை, கரையேறியதும் தூக்கம் வருது என்று எல்லம்மாள் வீட்டுக்குப் போய்விடுவாள், அதனால் குப்பம்மாளுக்கு எதுவும் தெரியவில்லை. வியாழக்கிழமை காலை அவள் பத்தடி இடைவெளியில் தவழ்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தால் எல்லம்மாள் பக்கத்தில் இல்லை. தூரத்தில், படகுகள் போகிற ஆழமான கால்வாய் இருக்கும் திசையில், எழுந்து நின்று நடந்துகொண்டிருந்தாள். தண்ணீர் மார்புக்கு வந்துவிட்டது. வாயில் கயிறு இருந்தது, பறி பின்னால் கவிழ்ந்து இழுபட்டது, இறால்கள் வெளியேறிக்கொண்டிருந்தன. வலது காலை இழுத்து இழுத்து வைப்பதுபோல உடம்பு சாய்ந்து சாய்ந்து போனது.

"எல்லம்மா! அங்க பள்ளம்டி!"

அவள் திரும்பவில்லை. குப்பம்மாள் பறிக்கயிற்றைத் துப்பிவிட்டு நீந்தினாள். தோளைப் பிடித்துத் திருப்பியபோது எல்லம்மாள் அவளை அடையாளம் தெரியாதவள்போலப் பார்த்தாள். பிறகு முகம் கலங்கியது, வாயிலிருந்து கயிறு நழுவியது.

"வூட்டுக்கு" என்றாள். கழுத்துக்குத் தண்ணீர் வந்த இடத்தில் நின்று, கிழக்கே, வெறும் தண்ணீரைக் காட்டினாள்.

குப்பம்மாள் அவளைக் கரைக்கு இழுத்துவந்தாள். பெரியசாமி ஓடிவந்தார். அன்று ஊருக்கு நர்ஸ் வருகிற நாள். வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்க்கும் மோகனப்பிரியா நாலாவது வீட்டில் இருந்தாள். குப்பம்மாள் போய் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

எல்லம்மாள் ஈரப் புடவையோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். மோகனப்பிரியா எதிரே குந்தினாள்.

"அம்மா, உங்க பேர் சொல்லுங்க."

எல்லம்மாள் வாயைத் திறந்தாள். மூடினாள். அவள் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்துப் பெரியசாமி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பரவால்ல. ரெண்டு கையையும் முன்னாடி நீட்டுங்க. அப்படித்தான். இப்போ கண்ணை மூடிக்கோங்க."

எல்லம்மாள் கண்ணை மூடினாள். இரண்டு கைகளும் நேராக நீண்டிருந்தன. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலது கை மெல்ல உள்பக்கம் திரும்பி, கீழே இறங்க ஆரம்பித்தது. மடியில் வந்து விழுந்தது. எல்லம்மாளுக்கு அது தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டும் நீட்டியே இருப்பதாக நினைத்து உட்கார்ந்திருந்தாள்.

மோகனப்பிரியாவின் குரல் மாறியது. "தலையில எப்பவாவது அடிபட்டுச்சா?"

கூரை வாரியிலிருந்து கவர் வந்தது. அவள் அச்சடித்த வரியை ஒரு பார்வை பார்த்தாள். பேனா வரியில் நின்றாள். டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துப் பழகிய கண். ஒரு தடவை படித்துவிட்டுத் தேதியைப் பார்த்தாள்.

"இதை யாரும் படிச்சுச் சொல்லலையா?"

"பிராங்க்ளின் சார் சொன்னாரும்மா," என்றார் பெரியசாமி. "மண்டையோட்டுக்கு உள்ள ரத்தம் இல்லன்னு. ரெண்டு வாட்டி எழுதிக்கிறாருன்னு."

"ரெண்டு வாட்டி எழுதியிருக்குது, உண்மைதான். ஆனா அந்த வார்த்தை எங்கன்னு மட்டும்தான் சொல்லும். இருக்குதா இல்லையான்னு அது சொல்லாது. அதுக்கு முன்னாடி என்ன எழுதியிருக்குதுன்னு பாக்கணும்." மேல் வரியில் விரலை வைத்தாள். "இங்க 'இல்ல'. ஸ்கேன் எடுத்த அன்னிக்கு மண்டையோட்டுக்கு உள்ளாகக் கசிவு இல்ல." விரல் கீழே இறங்கியது. "இங்க 'வரலாம்'. பின்னாடி மெதுவா மண்டையோட்டுக்கு உள்ளாகக் கசிவு வரலாம், ரெண்டு வாரத்துல மறுபடி ஸ்கேன் எடுக்கணும், தலைவலியோ கை கால் பலவீனமோ பேச்சுக் குழறலோ வந்தா உடனே கூட்டிட்டு வரணும்."

அடிபட்டு ஆறு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மோகனப்பிரியா போனை எடுத்து 108-க்குப் பேசினாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லம்மாளுக்குத் தூக்கம் சொக்கியது. "தூங்க விடாதீங்க, பேசிக்கிட்டே இருங்க" என்றாள் நர்ஸ். குப்பம்மாள் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு கன்னத்தைத் தட்டித் தட்டி எதையெதையோ பேசினாள். வாயில் வந்ததையெல்லாம் பேசினாள். எளாவூர் தாண்டி நெடுஞ்சாலையில் வண்டி ஏறியபோது எல்லம்மாளின் ஒரு கண் பாவை மற்றதைவிடப் பெரிதாக இருந்தது. ஆம்புலன்ஸில் இருந்தவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, டிரைவரிடம் "மிதிப்பா" என்றார். பெரியசாமி அவள் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு வந்தார். அழுத்தினால் அது திருப்பி அழுத்தவில்லை.

சென்னையில் மதியமே ஆபரேஷன் செய்தார்கள். மண்டையோட்டில் இடதுபக்கம் இரண்டு துளை. பிறகு ஆபரேஷன் செய்த டாக்டரம்மா வெளியே வந்து, தகவல் கேட்டு வந்துசேர்ந்திருந்த ஜமுனாவிடமும் பெரியசாமியிடமும் சொன்னார்: உள்ளே மூளைக்கு மேலே பழைய ரத்தம் தேங்கியிருந்தது, எஞ்சின் ஆயில் மாதிரி கறுத்து, இளகி. ஒரு நாளில் சேர்ந்தது இல்லை. சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து மூளையை ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கிறது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கொண்டுவந்து பயன் இருந்திருக்காது.

"நைனா, மொத ஆஸ்பத்திரில உன்கிட்ட அப்பவே சொல்லலியா?" என்று ஜமுனா கேட்டாள். பெரியசாமி சுவரைப் பார்த்துக்கொண்டே, "'ஆனா'ன்னு சொன்னாரு. அதுக்குள்ள ஓடிப் பூட்டாரு" என்றார்.

மூன்றாம் நாள் எல்லம்மாள் தண்ணீர் கேட்டாள், சரியான வார்த்தையில். இரண்டு வாரத்தில் வீடு வந்தாள். தலை மொட்டையாக இருந்தது. கால் இழுப்பது நின்றது. வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் உணர்வு திரும்பியது. மற்ற மூன்றுக்கும் திரும்பவில்லை. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார்கள். ஆறு மாதத்துக்கு ஏரியில் இறங்கக் கூடாது. இறங்கினாலும் மூன்று விரலில் உணர்வு போன கையோடு கெளுத்தி முள்ளுக்கு எப்படித் தப்புவது என்று அவளுக்கே தெரியவில்லை.

பிராங்க்ளின் சார் பார்க்க வந்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றார். ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குப் படிக்கத் தெரியலன்னு சொல்லியிருக்கணும்க்கா. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்" என்றார்.

எல்லம்மாளுக்கு வார்த்தைகளைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. "கையி வேலை செய்யலன்னு நானும் உன்னாண்ட சொல்லல சார்" என்றாள். அவர் தலை குனிந்தபடியே போனார். அதன் பிறகு ஆஸ்பத்திரிக் காகிதம் யார் கொண்டுபோனாலும் அவர் தொடுவதில்லை, நர்ஸம்மாவிடம் காட்டுங்கள் என்று அனுப்பிவிடுகிறார் என்று குப்பம்மாள் வந்து சொன்னாள்.

டாக்டரம்மா அனுப்பும்போது ஒன்று சொல்லியிருந்தார். இந்த மாதிரிக் கசிவு சில பேருக்குத் திரும்பவும் வரும். முதல் ஆறு மாதம் கவனமாக இருக்க வேண்டும். அதனால் எல்லம்மாள் காலையில் கண் விழித்ததும் படுத்தபடியே, கண்ணில் படுகிற ஒவ்வொன்றின் பேரையும் வாய்விட்டுச் சொல்வாள். கதவு. விளக்கு. சொம்பு. மணைக்கட்டை. பெரியசாமி அடுப்பு மூட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

மாசி மாதம் ஒரு காலை. கதவு என்றாள், விளக்கு என்றாள், சொம்பு என்றாள். பிறகு ஒன்றும் இல்லை. அவர் திரும்பிப் பார்த்தார். அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவர் சட்டையை எடுத்து மாட்டினார், போனைத் தேடினார், ஜமுனாவின் எண்ணுக்கு விரல் போனது.

"கொசுவலை" என்றாள் எல்லம்மாள்.

"இன்னா?"

"கொசுவலை. கிழிஞ்சிக்கிது."

பெரியசாமி போனைக் கீழே வைத்தார். சட்டையைக் கழற்றவில்லை. அன்று வேலைக்கும் போகவில்லை. வாசலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கிழிந்த வலையை மடியில் போட்டு ஊசி கோத்துத் தைத்தபடி, சாயங்காலம் வரை அவளிடம் அதையும் இதையும் கேட்டுக்கொண்டே இருந்தார்.